புது ஊர் எப்போது நம் ஊராகும்? வாசகர் கேள்வி – பதில்

நாட்டின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குக் குடிபெயர்ந்தவர்கள் எழுதுங்கள் என்று போன மாதம் இந்தப் பகுதியில் ஒரே ஒரு வரி சேர்த்திருந்தேன். அந்த ஒரு வரிக்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று நினைக்கவில்லை. சிலர் பத்துப் பக்கம் எழுதியிருக்கிறார்கள், சுருக்கித்தான் இங்கே தருகிறேன். பெயரும் ஊரும் வேண்டாம் என்று பலர் கேட்டுக்கொண்டதால் எல்லோருடையதையும் நீக்கிவிட்டேன். நீக்கிய பிறகு எந்தக் கடிதம் எங்கிருந்து வந்தது என்று என்னாலேயே சொல்ல முடியவில்லை. அவ்வளவு ஒன்றுபோல இருந்தன.

கணவரின் பணி மாற்றல்களால் 31 ஆண்டுகளில் ஆறு ஊர்களில் குடியிருந்தவள் நான். ஏழாவது ஊருக்கு, அவர் காலமான பிறகு, நானாகவே பெட்டி கட்டிக்கொண்டு வந்தேன். அந்த உரிமையில்தான் பதில் சொல்கிறேன்.

அன்புள்ள அம்மா, எனக்கு 29 வயது. வேலைக்காக இந்த ஊருக்கு வந்து நான்கு மாதம் ஆகிறது. வருவதற்கு முன்பே பார்க்க வேண்டிய இடங்களுக்குப் பட்டியல் போட்டு வைத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமைக்கு ஒன்று என்று அருங்காட்சியகம், கோட்டை, ஏரி, பழைய கடைவீதி எல்லாம் பார்த்து முடித்துவிட்டேன். எல்லாமே நன்றாகத்தான் இருந்தன. ஆனால் திங்கட்கிழமை காலை வீட்டைப் பூட்டிக்கொண்டு இறங்கும்போது, விடுதி அறையைக் காலி செய்துவிட்டுப் போகிறவள் மாதிரியே இருக்கிறது. இன்னும் எதைப் பார்க்க வேண்டும்?

மகளே, புதிதாகப் பார்க்க வேண்டியது ஒன்றும் இல்லை. பார்த்ததையே திரும்பப் போய்ப் பார்.

என் இரண்டாவது ஊரில் நானும் இதைத்தான் செய்தேன். வழிகாட்டிப் புத்தகம் ஒன்று வாங்கி, போய் வந்த இடங்களுக்கெல்லாம் பென்சிலால் குறி போட்டுக்கொண்டே வந்தேன். எட்டு மாதத்தில் புத்தகம் முடிந்துவிட்டது. ஊர் மட்டும் கைக்கு வரவில்லை.

அங்கே எங்கள் வீடு மேற்குப் பார்த்தது. மாலை நான்கு மணி முதல் ஆறு மணி வரை வெயில் நேராக உள்ளே வந்து விழும். அந்த இரண்டு மணி நேரத்தை எங்காவது கழித்தாக வேண்டும் என்பதற்காகத்தான் புதன்கிழமைகளில் பொது நூலகத்துக்குப் போகத் தொடங்கினேன். ஜன்னலோரம் மூன்றாவது மேசை. எதிரே பூதக்கண்ணாடி வைத்துச் செய்தித்தாள் படிக்கும் முதியவர் ஒருவர். பக்கத்து மேசையில் தேர்வுக்குப் படிக்கும் ஒரு பெண். நூலகர் நடந்து வரும்போது இடுப்பில் சாவிக்கொத்து சத்தம் போடும். ஐந்து வாரம் யாரும் யாரிடமும் பேசவில்லை. ஆறாவது வாரம் எனக்குக் காய்ச்சல், போகவில்லை. ஏழாவது வாரம் போய் உட்கார்ந்ததும் அந்த முதியவர் பூதக்கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டு, "போன புதன்கிழமை உங்களைக் காணோமே?" என்றார்.

நான் இல்லாததை அந்த ஊரில் ஒருவர் கவனித்திருக்கிறார்! அன்று மாலை வீடு திரும்பிய தெரு, காலையில் நான் பார்த்த தெருவாக இல்லை. எட்டு மாதப் பட்டியல் தராததை அவருடைய ஒரு வாக்கியம் தந்தது. 38 ஆண்டுகள் ஆகிவிட்டன. அவர் குரல் எனக்கு இன்னும் கேட்கிறது.

இதற்குப் பின்னால் இருப்பது என்ன என்று பிற்பாடு தேடிப் படித்தேன். 1968-ல் ராபர்ட் ஸயான்ஸ் என்ற உளவியலாளர், அர்த்தமற்ற சொற்களையும் அறிமுகமில்லாத முகங்களையும் ஆட்களுக்குக் காட்டிச் சோதித்தார். சிலவற்றை ஓரிரு முறையும் சிலவற்றைப் பலமுறையும் காட்டினார். அதிகமுறை கண்ணில் பட்டவைதான் அதிகம் பிடித்துப்போயின. வேறு காரணம் எதுவும் தேவைப்படவில்லை. அதற்கும் முன்பே, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் திருமணமான மாணவர்களின் குடியிருப்பில் யார் யாருக்கு நண்பர் என்று லியோன் ஃபெஸ்டிங்கரும் இன்னும் இருவரும் ஆராய்ந்து 1950-ல் வெளியிட்டார்கள். அடுத்த கதவில் இருந்தவர்களில் 41 சதவீதம் பேர் நெருங்கிய நண்பர்கள். ஒரு வீடு தள்ளி இருந்தவர்களில் அது 22 சதவீதம். ஒரே மாடியின் இரு கோடிகளில் இருந்தவர்களில் 10 சதவீதம்தான். நான்கைந்து வாசல் தூரத்துக்கே இத்தனை வித்தியாசம். மாடிப்படியை ஒட்டிய வீட்டுக்காரர்களுக்கு மேல்தளத்தில் அதிக நண்பர்கள் இருந்தார்கள். எல்லோரும் ஏறி இறங்கும்போது அவர்களைக் கடந்துதானே போக வேண்டும்!

ஆகவே ஓர் இடத்தைத் தேர்ந்தெடு. அழகான இடமாக இருக்க வேண்டும் என்பதில்லை. களைத்துப்போய் வந்த நாளிலும் நடந்து போகிற தூரத்தில் இருக்க வேண்டும். அதே ஆட்கள் திரும்பத் திரும்ப வருகிற இடமாக இருக்க வேண்டும். நூலகம், பூங்கா, நீச்சல் குளம், எதுவானாலும் சரி. வாரத்தில் ஒரே நாள், ஒரே நேரம். பத்து வாரம் அதை மாற்றாதே. உன் பட்டியலில் எனக்குப் பிடித்தது அந்த ஏரிதான். விடியற்காலை ஒரு நாள், மழைக்குப் பிறகு ஒரு நாள், விடுமுறை முடிந்து கூட்டமெல்லாம் கலைந்த ஒரு நாள் என்று அதற்கு மட்டும் பலமுறை போ. ஒரே பெஞ்சில் உட்கார். புகைப்படம் எடுக்காமல் வா.

பத்து வாரம் கழித்து எனக்கு எழுது. காத்திருப்பேன்.

வணக்கம் அக்கா. வயது 34, தனியாக இருக்கிறேன். வந்து எட்டு மாதமாகிறது. நண்பர் என்று சொல்ல ஒருவரும் இல்லை. முயற்சி செய்யவில்லை என்று சொல்லாதீர்கள். ஓட்டக் குழு ஒன்றுக்குப் போனேன், புகைப்பட நடை ஒன்றுக்குப் போனேன், சதுரங்க மன்றத்துக்கும் போனேன். எல்லோரும் அன்பாகப் பேசினார்கள். பிறகு ஒருவரும் அழைக்கவில்லை. அலுவலகத்தில் நாள் முழுக்கப் பக்கத்து நாற்காலியில் இருப்பவர்கூட ஏன் நண்பராகவில்லை? இந்த வயதில் இனி நட்பு கிடைக்காதா?

கிடைக்கும் தம்பி. உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். ஓட்டக் குழுவுக்கு எத்தனை முறை போனீர்கள்? ஒருமுறை. நடைக்கு? ஒருமுறை. சதுரங்கத்துக்கும் ஒருமுறைதான். மூன்று கதவுகளைத் தட்டிவிட்டு, திறப்பதற்குள் அடுத்த தெருவுக்குப் போயிருக்கிறீர்கள். அவர்கள் உங்களை ஒதுக்கியதாக எனக்குத் தோன்றவில்லை. அவர்களுக்கு உங்கள் பெயர் மனதில் பதியக்கூட நேரம் இருந்திருக்காது.

நட்பு வளர எத்தனை மணி நேரம் ஆகும் என்று ஒருவர் எண்ணியே பார்த்திருக்கிறார். அமெரிக்காவின் கான்சஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜெஃப்ரி ஹால், 2018-ல் வெளியான ஆய்வில், அண்மையில் ஊர் மாறி வந்தவர்களையே தேடிப் பிடித்துக் கேட்டார். அறிமுகம் சாதாரண நட்பாக மாறச் சேர்ந்து கழிக்கும் நேரம் சுமார் 50 மணி. நண்பர் என்று மனதாரச் சொல்ல 90 மணி. நெருங்கிய நண்பராக 200 மணிக்கு மேல். இதில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். சேர்ந்து வேலை செய்த நேரத்துக்கு அவ்வளவு பலன் இல்லை. அலுவலகத்தில் நாள் முழுக்கப் பக்கத்து நாற்காலியில் இருப்பவர் ஏன் நண்பராகவில்லை என்று கேட்டிருந்தீர்களே, பதில் இதில் இருக்கிறது.

இப்போது கணக்குப் போடுங்கள். வாரம் இரண்டு மணி நேரம் சதுரங்க மன்றம் என்றால் 50 மணிக்கு 25 வாரம் ஆகும். ஏறக்குறைய அரை ஆண்டு. 200 மணிக்கு இரண்டு ஆண்டுகள். இந்த எண்ணைப் பார்த்து மனம் தளர வேண்டாம். எனக்கு இது பெரிய ஆறுதலாக இருந்தது. என்னிடம் ஏதோ குறை இருக்கிறது என்று என் மூன்றாவது ஊரில் பல இரவுகள் நினைத்துக்கொண்டிருந்தேன். குறை எதுவும் இல்லை, மணிக்கணக்குதான் இன்னும் நிறையவில்லை என்று அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

மூன்றில் சதுரங்கத்தைத் தேர்ந்தெடுங்கள். கடிதத்தில் மற்ற இரண்டைப் பற்றி ஒவ்வொரு வரிதான் எழுதியிருக்கிறீர்கள். சதுரங்கத்தைப் பற்றி, தோற்ற ஆட்டத்தின் கடைசி நகர்த்தல்கள் உட்பட, அரைப் பக்கம்.

அழைப்புக்குக் காத்திருக்காமல் நீங்களே அழையுங்கள். அதைவிடச் சிறந்த வழி, உதவி கேட்பது. என் நான்காவது ஊரில் திரைச்சீலைக் கம்பி மாட்ட ஏணி இல்லை. கீழ் வீட்டில் கேட்டு வாங்கினேன். ஏணியோடு அந்த வீட்டு அம்மாவும் வந்து அடியில் பிடித்துக்கொண்டார். இருவரும் பேசிக்கொண்டே நான்கு ஜன்னலுக்கும் கம்பி மாட்டினோம். அன்று தொடங்கிய பேச்சு, நான் அந்த ஊரை விட்ட பிறகும் பல ஆண்டுகள் கடிதத்தில் தொடர்ந்தது. கேட்டால் தொந்தரவாகிவிடும் என்று நினைத்து எத்தனையோ பேர் ஏணி இல்லாமலே காலம் தள்ளுகிறார்கள். கேளுங்கள். உங்களிடம் கேட்கவும் அவர்களுக்கு அப்போதுதான் துணிவு வரும்.

நெருங்கிய நட்பு வரும் வரை அரைகுறை அறிமுகங்களை அலட்சியப்படுத்தவும் வேண்டாம். தலையசைக்கும் காவலாளி, பஸ்ஸில் தினமும் பார்ப்பவர், முடி வெட்டுபவர், இவர்கள் எல்லோரும் கணக்கில் உண்டு. இப்படிப்பட்ட மெல்லிய தொடர்புகள்தான் நம் வட்டத்துக்கு வெளியே இருக்கும் செய்திகளைக் கொண்டுவருகின்றன என்று மார்க் கிரானோவெட்டர் என்ற சமூகவியலாளர் 1973-லேயே எழுதினார். நல்ல மருத்துவர் யார், எந்த வீடு காலியாகிறது, எந்த வேலைக்கு ஆள் தேடுகிறார்கள் என்பதெல்லாம் பெரும்பாலும் இவர்கள் வழியாகத்தான் வரும். சிகாகோவில் ரயிலிலும் பஸ்ஸிலும் வேலைக்குப் போகிறவர்களிடம் நடத்திய சோதனை ஒன்று 2014-ல் வெளியானது. பக்கத்தில் இருக்கும் அந்நியரிடம் பேசினால் பயணம் சங்கடமாக இருக்கும் என்றுதான் பலரும் எதிர்பார்த்தார்கள். பேசியவர்களுக்கே பயணம் அதிக இனிமையாக இருந்தது.

அம்மா, எனக்கு வழியே தெரிவதில்லை. ஒரு வருடமாகிறது, கைபேசி வரைபடம் இல்லாவிட்டால் வீட்டிலிருந்து நான்காவது தெருவில் தொலைந்துபோகிறேன். என் மூளையில் திசை என்பதே இல்லையா?

நிச்சயமாக இருக்கிறது. பயன்படுத்தாமல் வைத்திருக்கிறீர்கள். லண்டனில் டாக்சி உரிமம் பெறச் சுமார் 25,000 தெருக்களை மனதில் பதிக்க வேண்டும். மூன்று, நான்கு ஆண்டுகள் படிக்கிறார்கள். அந்த ஓட்டுநர்களின் மூளையை எலினார் மெக்வையர் என்ற ஆய்வாளர் படமெடுத்து 2000-ல் வெளியிட்டார். இடங்களை நினைவில் வைக்க உதவும் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியின் பின்புறம் மற்றவர்களைவிட அவர்களுக்குப் பெரிதாக இருந்தது. பிறவியிலேயே அப்படி இருந்திருக்கலாமே என்று கேட்கத் தோன்றும். 2011-ல் வந்த அடுத்த ஆய்வு, பயிற்சிக்கு முன்னும் பின்னும் அளந்து பார்த்தது. படித்துத் தேறியவர்களுக்கு அந்தப் பகுதி வளர்ந்திருந்தது. தேறாதவர்களுக்கு வளரவில்லை.

வாரம் ஒருமுறை, அவசரமில்லாத நாளில், கைபேசியைப் பைக்குள் போட்டுவிட்டு நடந்துபோங்கள். தொலைந்தால் யாரிடமாவது கேளுங்கள். வீட்டுக்கு வந்ததும் வெள்ளைத் தாளில் ஊரை வரையுங்கள். கெவின் லிஞ்ச் என்ற நகரமைப்பு அறிஞர் பாஸ்டன் உள்ளிட்ட மூன்று நகரங்களின் மக்களிடம் இப்படித்தான் படம் வரையச் சொன்னார். பாதை, விளிம்பு, வட்டாரம், சந்திப்பு, தூரத்திலிருந்தே தெரிகிற அடையாளம் என்ற ஐந்தைக் கொண்டுதான் மனிதர்கள் நகரத்தை மனதில் வைத்துக்கொள்கிறார்கள் என்று 1960-ல் எழுதினார். ஐந்தாவது ஊரிலிருந்து நான் மாதம் ஒரு படம் வரைந்து தேதி போட்டு வைக்கிறேன். இந்த ஊரில் வரைந்த முதல் தாளில் என் வீடு, பஸ் நிறுத்தம், தபால் நிலையம், ஒரு தண்ணீர்த் தொட்டி, நடுவில் நிறைய வெள்ளை. பன்னிரண்டாவது மாதப் படத்துக்கு இரண்டு தாள்களை ஒட்ட வேண்டியிருந்தது. அந்த வெள்ளை குறைந்துவருவதைப் பார்ப்பது எவ்வளவு சந்தோஷம் என்று வரைந்து பார்த்தால்தான் தெரியும்.

மதிப்பிற்குரிய சகோதரிக்கு. நான் 68 வயது, மனைவியை இழந்தவன். மகன் வற்புறுத்தித் தன்னுடன் அழைத்துவந்துவிட்டான். மகனும் மருமகளும் ஒரு குறையும் வைப்பதில்லை. இருவரும் வேலைக்குப் போன பிறகு ஜன்னலருகே உட்கார்ந்திருக்கிறேன். இங்கு பேசும் மொழி எனக்குத் தெரியாது. வெளியே போனால் திரும்பி வருவேனா என்று அவர்களுக்குப் பயம். உண்மையைச் சொன்னால் எனக்கும்தான். ஊரை அனுபவியுங்கள் அப்பா என்கிறான் மகன். எப்படி?

ஐயா, உங்கள் கடிதம் என்னைச் சிரமப்படுத்தியது. குறை வைக்காமல் பார்த்துக்கொள்வதே சில சமயம் மனிதரை விருந்தாளியாக்கிவிடுகிறது. 40 ஆண்டுகள் குடும்பத்தைத் தாங்கிய கைகள் உங்களுடையவை. அந்த வீட்டில் அவற்றுக்கு இப்போது வேலை இல்லை. முதலில் சரிசெய்ய வேண்டியது அதைத்தான்.

மகனிடம் ஒரு பொறுப்பைக் கேட்டு வாங்குங்கள். தபால் நிலைய வேலை, மின் கட்டணம், மருந்து வாங்குவது என்று வெளியே போக வேண்டிய ஏதாவது ஒன்று. அது முழுக்க உங்களுடையதாக இருக்கட்டும். இடையில் யாரும் அதைச் செய்துவிடக்கூடாது என்றும் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். முதல் நான்கு முறை மகனோ மருமகளோ உடன் நடக்கட்டும், ஆனால் வழியை நீங்கள் சொல்லுங்கள். சட்டைப் பையில் வீட்டு முகவரியும் மகனுடைய எண்ணும் அந்த ஊர் எழுத்தில் எழுதிய அட்டை ஒன்று இருக்கட்டும். அந்த அட்டை இருந்தால் உங்கள் இருவர் பயமும் பாதியாகும்.

மொழிக்கு முதலில் ஏழு வாக்கியம் போதும். வணக்கம், எவ்வளவு, நன்றி, இது எங்கே இருக்கிறது, மெதுவாகச் சொல்லுங்கள், நான் இங்கே புதிது, என் மகன் இந்த வீட்டில் இருக்கிறான். இந்தக் கடைசி வாக்கியத்தை மறக்காதீர்கள். மற்ற வாக்கியங்களுக்கு ஒரு சொல்லில் பதில் வரும். இதற்கு மட்டும் மனிதர்கள் நின்று கேட்பார்கள். என் மூன்றாவது ஊரில் எனக்கு மொழி கற்றுக்கொடுத்தவள் பக்கத்து வீட்டு ஆறு வயதுச் சிறுமி. என் உச்சரிப்பைத் திருத்துவதில் அவளுக்கு அவ்வளவு ஆனந்தம். உங்கள் மாடிப்படியிலும் அப்படி ஒரு குழந்தை இருக்கும்.

உங்கள் மனைவியைப் பற்றி ஒரே ஒரு வரி எழுதி, அதையும் அடித்திருந்தீர்கள். அதை என்னால் படிக்க முடிந்தது. தனியாக எழுதுகிறேன்.

அம்மா, இங்கே எனக்கு எல்லாம் பிடித்திருக்கிறது. அதுதான் பிரச்சினை. தினமும் வீட்டுக்குப் போன் செய்கிறேன். அம்மா, "எப்படி இருக்கிறாய்?" என்றதும் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ஏதோ இருக்கிறேன்" என்கிறேன். சந்தோஷமாக இருக்கிறேன் என்று சொன்னால் அவர்களை மறந்துவிட்டேன் என்று ஆகிவிடுமோ? இரவில் பழைய தெரு நினைவு வந்து அழவும் செய்கிறேன். இரண்டில் எது உண்மை?

இரண்டுமே உண்மை. ஒன்று மற்றதைப் பொய்யாக்காது.

ஊர் ஏக்கத்தை ஒரு காலத்தில் நோய் என்றே நினைத்தார்கள். 1688-ல் யோஹன்னஸ் ஹோஃபர் என்ற மருத்துவ மாணவர், வீடு திரும்புதல், வலி என்ற இரண்டு கிரேக்கச் சொற்களைச் சேர்த்து 'நாஸ்டால்ஜியா' என்று அதற்குப் பெயர் வைத்தார். மருந்து, ஊருக்கே திருப்பி அனுப்புவது. அந்தக் கருத்து மாற மூன்று நூற்றாண்டு ஆயிற்று. கான்ஸ்டன்டைன் செடிகிடிஸ் என்ற உளவியலாளர் அமெரிக்காவின் வடக்குக் கரோலினாவிலிருந்து இங்கிலாந்தின் சவுத்தாம்டன் பல்கலைக்கழகத்துக்குக் குடிபெயர்ந்தார். வாரத்தில் சில முறை பழைய ஊர் நினைவு திடீரென்று வந்து தாக்குகிறது என்று மதிய உணவின்போது சக பேராசிரியர் ஒருவரிடம் சொன்னார். உனக்கு மனச்சோர்வு என்றார் அந்த நண்பர். இவருக்கோ அப்படித் தோன்றவில்லை. அந்த நினைவுகள் தனக்கு வேரைத் தருவதாகவே உணர்ந்தார். அதையே ஆராயத் தொடங்கினார். 2006-ல் அவரும் சக ஆய்வாளர்களும் வெளியிட்டதன்படி, தனிமை இந்த ஏக்கத்தைத் தூண்டுகிறது. ஏக்கமோ, நம்மை நேசிப்பவர்கள் இருக்கிறார்கள் என்ற உணர்வைத் திருப்பித் தருகிறது. காயமும் அதற்கான மருந்தும் ஒன்றாகவே வருவது போல.

அழுகை வந்தால் அழு. மறுநாள் போனில் குரலைத் தாழ்த்தாதே. தொலைவில் இருக்கும் தாய்க்கு, "ஏதோ இருக்கிறேன்" என்பதைவிடப் பயங்கரமான சொல் கிடையாது. என் மகள் இரண்டு ஆண்டுகள் அப்படித்தான் சொன்னாள், நான் இரண்டு ஆண்டுகள் சரியாகத் தூங்கவில்லை. அன்றைய நாளில் நடந்த ஒரு சின்ன விஷயத்தை முழுதாகச் சொல். ஜன்னலில் தெரியும் மரம், பஸ்ஸில் நடந்த சண்டை, எதுவானாலும் சரி. நீ இருக்கும் இடத்தை உன் அம்மா கண்ணில் பார்க்கட்டும்.

அம்மா, எங்கள் பத்து வயது மகனை நடு ஆண்டில் பள்ளி மாற்றி அழைத்துவந்தோம். என் மகள் ஒரே வாரத்தில் பத்துத் தோழிகளோடு சுற்றுகிறாள். இவன் வாயே திறப்பதில்லை. அவனைக் கெடுத்துவிட்டோமா?

கெடுக்கவில்லை. ஆனால் அவனுக்கு அதிகக் கவனம் தேவை என்பது உண்மை. அமெரிக்காவில் 7,108 பெரியவர்களிடம் நடத்தி 2010-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், சிறுவயதில் பலமுறை ஊர் மாறியது பிற்கால மனநிறைவைக் குறைத்தது உள்ளொடுங்கிய சுபாவம் உள்ளவர்களுக்குத்தான். கலகலப்பானவர்களுக்கு அந்தப் பாதிப்பு தெரியவில்லை. ஆகவே அவனைத் தங்கையோடு ஒப்பிடாதீர்கள், மனதுக்குள்கூட. பத்து நண்பர் வேண்டாம், அவனுக்கு ஒருவன் போதும். வகுப்பில் அவனைப் போலவே அமைதியான பையன் யார் என்று ஆசிரியரிடம் கேட்டு, அந்த ஒருவனை மட்டும் வீட்டுக்கு அழையுங்கள். பழைய ஊரில் அவன் கற்றுக்கொண்டிருந்த எதையாவது இடைவெளி விடாமல் இங்கேயும் தொடரச் செய்யுங்கள். முடிந்தால் அடுத்த மாற்றலைத் தள்ளிப்போடுங்கள்.

அம்மா, நான் இந்த ஊருக்கு வந்து பத்து மாதமாகிறது. முதலில் பிடித்திருந்தது, இப்போது பிடிக்கவில்லை. திரும்பிப் போய்விடலாமா?

இப்போது முடிவு செய்யாதீர்கள். அமெரிக்காவுக்குப் படிக்கவும் ஆராயவும் சென்ற 200 நார்வேக்காரர்களை ஸ்வெரே லிஸ்கார்ட் என்ற ஆய்வாளர் பேட்டி கண்டு 1955-ல் எழுதினார். ஆறு மாதத்துக்கும் குறைவாக இருந்தவர்களும் நன்றாக இருந்தார்கள், 18 மாதத்தைத் தாண்டியவர்களும் நன்றாக இருந்தார்கள். இடையில் இருந்தவர்கள்தான் அதிகம் தவித்தார்கள். எல்லோருக்கும் இப்படித்தான் நடக்கும் என்று பின்னால் வந்த ஆய்வுகள் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனாலும் என் ஏழு ஊர்களில் ஐந்தில் எனக்கு இப்படித்தான் நடந்தது. பத்தாவது மாதம் என்பது புதுமை தீர்ந்து, பழக்கம் இன்னும் வராத காலம். ஆண்டின் எல்லாப் பருவங்களையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, இரண்டாவது சுற்றின் பாதியில் யோசியுங்கள். அப்போதும் பிடிக்கவில்லை என்றால் தயங்காமல் திரும்புங்கள், அதில் எந்தத் தோல்வியும் இல்லை. என் ஆறாவது ஊர் எனக்குக் கடைசி வரை பிடிக்கவே இல்லை.

ஒன்றை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். வாரக்கணக்கில் தூக்கம் இல்லை, பசி இல்லை, எழுந்திருக்கவே மனமில்லை என்றால் அது ஊரின் விஷயம் அல்ல. மருத்துவரைப் பாருங்கள், இந்த வாரமே.

அம்மா, புது ஊருக்கு அடுத்த மாதம் கிளம்புகிறோம். முதல் நாள் என்ன செய்ய வேண்டும்? ஒரே ஒரு யோசனை சொல்லுங்கள்.

முதல் இரவுக்கு என்று ஒரு பெட்டியைத் தனியாகக் கட்டுங்கள். படுக்கை விரிப்பு, தலையணை உறை, சோப்பு, மருந்துகள், டார்ச் லைட், சுத்தியல், நான்கு ஆணி, சுவர்க் கடிகாரம். அது லாரியில் போகக்கூடாது, உங்கள் கையில் வரவேண்டும். வீட்டுக்குள் நுழைந்ததும் தண்ணீரை எங்கே மூடுவது, மின்சாரத்தை எங்கே நிறுத்துவது என்று பார்த்துக்கொள்ளுங்கள். படுக்கையை விரியுங்கள். மற்றப் பெட்டிகளைத் திறக்காதீர்கள். இருட்டுவதற்குள் தெருவை ஒருமுறை சுற்றி வாருங்கள். வரும் வழியில் இரண்டு பக்கத்து வீடுகளிலும் கதவைத் தட்டி உங்கள் பெயரைச் சொல்லுங்கள், நாளைக்கு ஆணி அடிக்கும் சத்தம் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள் என்றும் சொல்லுங்கள்.

ஒரு ஆணியை மட்டும் அன்றே அடித்துக் கடிகாரத்தை மாட்டிவிடுங்கள். ஏழு வீடுகளிலும் நான் முதலில் மாட்டியது கடிகாரம்தான். கிளம்பும் முன் புது பேட்டரி ஒன்று வாங்கி அந்தப் பெட்டியிலேயே போட்டுவையுங்கள்.